ஒன்று முதல் இருபத்தைந்து வரை

தாளில் சிதறிக் கிடக்கின்றன இருபத்தைந்து வட்டங்கள்.
ஒன்றிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து மூன்றுக்கு
பென்சிலை எடுக்காமல் கோடு போட வேண்டும்.
நான் கடிகாரத்தை அழுத்துவேன். அவ்வளவுதான் சோதனை.

இராயக்கோட்டை தக்காளி மண்டியில்
முனிவெங்கடப்பா ஏலம் கூறுகிற வேகத்துக்கு
கணக்கு எழுதுகிறவரின் பேனா ஓடாது என்றாள் திம்மக்கா.
அவர் ஏழு வரை வந்தார்.
எட்டு அவர் மூக்குக்கு நேரே இருந்தது.
"எனிமிதி" என்றார்,
தெலுங்கில் கூப்பிட்டால் வந்துவிடும் என்பதுபோல.

"பஸ்ஸை மறிப்பதுபோல் கைகளை நீட்டுங்கள்."
நீட்டினார்.
மணிக்கட்டு தாழ்ந்தது, எழுந்தது, தாழ்ந்தது,
எதையும் நிறுத்தாமல், எதையும் அனுப்பாமல்.

ஈரல் வடிகட்டாமல் விட்ட நஞ்சு மூளைக்கு ஏறுகிறது.
ஈரலைத் தின்பது ஒரு வைரஸ்.
அதை அடக்கினால் மேலே தெளியுமா, எத்தனை நாளில்?
பத்தொன்பது பக்க ஒப்புதல் படிவத்தை
நான் இப்படிச் சுருக்கினேன்:
சாக்கடை அடைச்சா தண்ணி வீட்டுக்குள்ள ஏறும்.
"அடைச்சது கண்ணுக்குத் தெரியாதுங்கிறீங்க,
அதுக்கு மாத்திரை மட்டும் தெரியுதா?"
கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

குப்பியில் எண் மட்டும்: முப்பத்தொன்று.
பழைய மருந்தா புதிய மருந்தா
அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது,
டாக்டருக்குத் தெரியவே கூடாது.
இனிப்புச் சிரப் குடித்தவர் எத்தனை முறை வெளிக்குப் போனார் என
காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு கிழித்துக் கொண்டுவருவாள்.
பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் விழிப்பு,
பெயர் கேட்டால் செத்த அண்ணன் பெயர்:
எல்லாவற்றுக்கும் படிவத்தில் கட்டம் உண்டு.
ஒரு விடியலில் அவளையே பார்த்து
"எத்தன கூடை கொண்டாந்திருக்கம்மா?" என்றாராம்.
இதற்குக் கட்டம் இல்லை.
"இருபது" என்று சொன்னாளாம்.

முதல் நாள், மூன்று நிமிடம், முடிக்கவில்லை.
நான்காம் வாரம், நூற்று முப்பது விநாடி.
எட்டாம் வாரம், எழுபத்தெட்டு.
வைரஸ் எண்ணிக்கை பூஜ்யங்களை உதிர்த்தபடி இறங்கியது.
பன்னிரண்டாம் வாரம், வரவில்லை.

காலை ஆறரைக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து போன் செய்தேன்.
"தக்காளி வெல ஏறிடுச்சும்மா, அடுத்த வாரம் வர்றோம்."
பின்னால் லாரி, கூடைகள் உரசும் சத்தம்,
அதற்கும் மேலே ஒரு குரல்:
நானூத்திப் பத்து, இருவது, முப்பது, முப்பது,
தெலுங்குக்குத் தாவி, கன்னடத்தைத் தொட்டு,
தமிழுக்குத் திரும்பி, எங்கும் விழாமல்.

ஆய்வு விதிப்படி இது செல்லாது.
என் கட்டைவிரல் எப்போதோ கடிகாரத்தை அழுத்தியிருந்தது.

நானூற்று அறுபதில் குரல் நின்றது.
யோசிப்பது வாங்குகிறவரா, இவரா?
விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.