நோக்கம் என்ற கட்டம்

மஞ்சள் படிவத்தில் ஏழாவது கட்டம்: நோக்கம்.
அரை அங்குலம் இடம் விட்டிருக்கிறார்கள்.

வார்டன் மெர்ல் குவிக் பேனாவை நீட்டிவிட்டு
என் டிரக்கின் முகப்பில் சாய்ந்து
காப்பியை ஊதிக்கொண்டிருக்கிறார்.
அவருக்கு அவசரமில்லை.
நான்தான் அவரைக் கூப்பிட்டேன்.

சட்டம் எனக்குத் தெரியும்.
பருவம் திறந்தால் மூடும்வரை
வானத்திலிருந்து விலங்கைத் தேடக் கூடாது.
கண்டதை இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது.
கையேட்டில் அந்த வரிக்கு நானே கோடு போட்டேன்,
டெல்மருக்குக் காட்டுவதற்காக.

டெல்மர் சுட்டது நாலரை மணிக்கு.
தோளுக்குப் பின்னால், கொஞ்சம் தாழ.
கொஞ்சம் என்றால் ஒரு கையகலம்.
அந்தக் கையகலம்தான்
எல்க்கை டாக்கெட் முகடு தாண்டி ஓடவைத்தது.
ரத்தம் முந்நூறு அடிவரை வழி சொன்னது.
பிறகு பனி பெய்து அதன் வாயை மூடிவிட்டது.

டார்ச்சோடு போனார் டெல்மர்.
அவருக்கு ஒரு முழங்கால் உலோகம்.

பின்சீட்டில்,
கன்றுகளை எண்ண வாங்கிய டிரோன்.
பனி நின்றிருந்தது.
நாலு நிமிஷம்தான் ஆயிற்று.

திரையில் பாறை சாம்பல், ஃபிர் மரம் சாம்பல்,
ஓடை ஒரு கறுப்புக் கீறல்.
அதன் கரையில், வெள்ளையாக,
தலை நிமிர்ந்து படுத்திருந்தது.
சத்தம் எங்கிருந்து என்று தேடியது.
மேலே பார்க்கத் தெரியவில்லை.
இந்த மலையில் அதன் பகைக்கெல்லாம்
இதுவரை கால்கள் இருந்திருக்கும்.

டெல்மரும் ஒரு வெள்ளைப் புள்ளிதான்.
அரை மைல் தள்ளி
தவறான பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்.

வாக்கிடாக்கி என் மடியில் கிடந்தது.
சொன்னால் அது வேட்டை.
சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தால்
அதற்கு என்ன பெயர்?
கையேட்டில் இல்லை.

காதுகள் முதலில் சாம்பலாயின.
பிறகு கால்கள்.
வயிறு மட்டும் நெடுநேரம்,
தண்ணீர் தெளித்த அடுப்பில் ஒரு கங்கு மாதிரி.
பேட்டரி பதினொரு சதவீதம் என்றது.

காலையில் டெல்மரோடு நடந்தேன்.
வழி தெரிந்தவள்
தெரியாதவளாக நடப்பது எத்தனை கஷ்டம்!
இரண்டு இடத்தில் வேண்டுமென்றே தவறினேன்.
ஓடைக்கரையில் கொயோட்டிகள் முடித்துவிட்டு
அண்டங்காக்கைகளிடம் விட்டிருந்தன.
டெல்மர் தொப்பியைக் கழற்றினார்.
உரிமச் சீட்டை அந்தக் கொம்பில் கட்டினார்,
அதுவும் சட்டம்தான்.

"எழுதியாச்சா?" என்கிறார் குவிக்.

'பார்க்க' என்று எழுதிக் கொடுத்தேன்.
படித்தார். திருப்பி நீட்டினார்.
"இன்னும் இடமிருக்கே" என்றார்.