குறியீடு 99

ஆலை நாலு, கடை ஒன்பது, லொறி இருபத்தாறு.
எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்கலாம் என்றார்கள்
சம்மாந்துறைத் தலைமை அலுவலகத்தில்,
பெற்றிஸும் பால்தேநீரும் வந்த பிறகு.
பதினொரு பேர் கையெழுத்திட்டார்கள்.
நெல் நிறுக்கிறவர் ஒருவரும் அதில் இல்லை.

கூட்டக் குறிப்பு எழுதியது நான்.
"அனைவரும் உடன்பட்டனர்."
ஒருவரும் கேள்வி கேட்கவில்லை என்பதற்கு
அலுவலகத் தமிழில் அதுதான் சொல்.

மாசியில் தொடங்கிவைத்தோம்.
வெட்டு மெசின்கள் வயலில் இறங்கிய அதே கிழமை.
நாள் குறித்தவர் வயலைக் கேட்கவில்லை,
கணக்காண்டு முடிவைக் கேட்டார்.

முதல் நாள் பின்னேரம்
லொறி வரிசை வீரமுனைப் பக்கம் வளைந்துபோனது.
ஈரம் பதினாலைத் தாண்டினால்
திரை சிவந்து நின்றுவிடும்.
தராசடியில் உதுமாலெவ்வை
ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்துவிட்டுச் சொன்னார்:
"பதினாறு இரிக்கும்.
மூடைக்கு ஒண்டரைக் கிலோ கழிச்சு எடுக்கிற வழக்கம்.
இத எங்க மனே எழுதுற?"

இடமில்லை.
விதைப்புக்கு எடுத்த உரக்கடன்,
மகளின் கலியாணத்துக்கு முன்கூட்டித் தந்த காசு,
மச்சான் பேரில் வந்த நெல்,
'இப்ப இறக்கிறன், விலைய பிறகு பேசுவம்' என்று
அடுக்கிவிட்டுப் போன எண்பது மூடை.
எதற்கும் ஒரு பெட்டி இல்லை.
திரையின் ஆக அடியில் மட்டும்
99 - மற்றவை.

அதற்குள் போட்டார்கள்.

வைகாசி அறிக்கையில்
கொள்வனவில் நூற்றுக்கு அறுபத்துமூன்று மற்றவை.
பெரிய வட்டப் படத்தைப் பார்த்துப் பணிப்பாளர் கேட்டார்:
"ஆர் இந்த மற்றவை?
எப்ப இருந்து நம்மளோட யாவாரம் செய்யிறார்?"
ஒருவரும் சிரிக்கவில்லை.
அவர் பகிடி விடவில்லை.

ஆவணியில் தராசடிக்குப் போனேன்.
மேசைக்குக் கீழே சீ.ஆர். கொப்பி.
அது ஏழாவது. ஆறு முடிந்திருந்தது.
பகல் முழுக்கக் கொப்பி;
இரவு எட்டு மணிக்கு ரிஸ்னா
திரைக்கு ஒரு பொய்யை ஏற்றுவாள்,
கூட்டுத்தொகை பிசகாத பொய்.
நாலு கோடி ரூபாய் மென்பொருள்
ஒரு கொப்பிக்கு
ஒப்புக்கு ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் எழுதித் தரச் சொன்னார்கள்.
"பயனர்களின் ஒத்துழைப்பின்மை" என்று அடித்தேன்.
அழித்தேன்.
கொப்பியில் ஒரு நாள் விடுபடவில்லை.
ஹர்த்தால் அன்றும் எழுதியிருந்தார்:
"கடையடைப்பு. லொறி இல்ல. நான் வந்த."

கொழும்புப் பிள்ளைகளில் நெத்மி மட்டும்
சிறுபோகத்துக்குத் திரும்பி வந்தாள்.
மூன்று கிழமை தராசடியில் கதிரை போட்டு இருந்தாள்.
மடிக்கணினியைப் பையைவிட்டு எடுக்கவில்லை.
கேட்டதெல்லாம் ஒன்று:
இதற்கு நீங்கள் என்ன பெயர் சொல்லுவீர்கள்?
சிங்கள எழுத்தில் தமிழை எழுதிக்கொண்டாள்.
தூசிக்குத் தும்மித் தும்மி எழுதினாள்.
ஐப்பசியில் திரையில் புதிதாய் ஒரு பொத்தான்:
'விலை பிறகு.'
உதுமாலெவ்வை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு
"இது நம்மட கதை" என்றார்.
எட்டாவது கொப்பியை வாங்கித்தான் வைத்திருக்கிறார்.
உறை கிழிக்கவில்லை.

இப்போது இரண்டு ஆலையில் ஓடுகிறது.
மூன்றாவதில் பாதி ஓடுகிறது; கரண்டும் அப்படித்தான் அங்கே.
நிந்தவூரில் ஓடவில்லை.
அதே திரை. அதே பொத்தான்.
நெத்மி அங்கேயும் இருந்தாள், அங்கேயும் தும்மினாள்.
மனேஜருக்குக் கணினி நன்றாகவே தெரியும்.
தெரிந்ததால்தான் வேண்டாம் என்கிறார்.
எந்த மூடை எந்த லொறியில் எங்கே போனது என்று
ஒருவருக்கும் சரியாகத் தெரியாமல் இருப்பதில்
ஒரு வீடு மாடி எழும்பியிருக்கிறது.

இன்று அந்த ஆலையின் கோப்பை மூட வேண்டும்.
'தோல்விக்கான காரணத்தைத் தெரிவு செய்க' என்கிறது திரை.
பயிற்சிக் குறைபாடு.
வலையமைப்பு.
பாதீடு.
வரிசை நீளம்.
அடிவரைக்கும் இறக்கிக்கொண்டு போகிறேன்.