எறிதல் குறித்த அறிக்கை

லாரி பிடிபட்டது இரவு இரண்டே காலுக்கு.
அறிக்கை காலை ஒன்பதுக்குள் போக வேண்டும்,
அதுவும் ஆங்கிலத்தில்.
அந்தப் பக்கத்து ஆபீசுக்குத் தமிழ் வராது,
இந்தப் பக்கத்து ஆபீசுக்கு மலையாளம் வராது.
குப்பையைப் பற்றிப் பேசிக்கொள்ள
மூன்றாவதாக ஒரு மொழி.

வேலந்தாவளம் சோதனைச்சாவடியில்
அதைத் தட்டுத்தடுமாறி எழுதுகிறவள் நான் ஒருத்தி.
மரகதவடிவு, தினக்கூலி.
கையுறை, ஊசி, சலைன் குழாய்,
மீன் செதில், ரத்தம் காய்ந்த பஞ்சு:
பட்டியல் மளமளவென்று வந்தது.
வினைச்சொல்லில் நின்றுவிட்டேன்.

டிஸ்போஸ் என்று அடித்தேன்.
இஸ்திரி போட்ட சட்டை அந்தச் சொல்.
அதற்கு ரசீது உண்டு, முத்திரை உண்டு,
எங்கோ ஒரு புகைபோக்கி உண்டு.
இது ஓடைக்கரையில், விளக்கை அணைத்துவிட்டு.
அழித்தேன்.

டிஸ்கார்ட், சீட்டாட்டக்காரன் சொல்.
வேண்டாத சீட்டை மல்லாக்கப் போட்டால்
அடுத்தவன் எடுத்துக்கொள்ளலாம்.
எங்கள் மாடுகள் எடுத்துக்கொண்டன, வாஸ்தவம்தான்.
ஆனாலும் வேண்டாம்.

அபாண்டன் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
"யார் மேலங்க அபாண்டம்?" என்றார் ஏட்டு.

கண்டம் ஆன ஜீப் ஒன்று வாசலில் நிற்கிறது,
எருக்கு முளைத்து.
சாலையைத் தாண்டினால் கண்டம் என்பது வயல்.

டிரைவர் சஜீந்திரன் பெஞ்சு நுனியில்.
"களையான் பறஞ்ஞு, களஞ்ஞு."
அவன் மொழியில் எறிந்தாலும் களஞ்ஞு,
பர்ஸ் தொலைந்தாலும் களஞ்ஞு.
எறிந்தாயா, தொலைத்தாயா என்று கேட்க நினைத்தேன்.
உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தான்.

மூட்டைக்கு அடியில் ஒரு மாவுக்கட்டு.
சின்னக் கால். நெடுக அறுத்து இரண்டு பாதி.
மேலே ஸ்கெட்ச் பேனாவில் ஒரு கப்பல்,
நிவேத், அல்ஃபியா, கிச்சு,
எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
இதைக் கழற்றிய அன்று
ஒரு பிள்ளை ஆசை தீரக் காலைச் சொறிந்திருக்கும்.
எறிந்ததில் இது ஒன்றுதான் சிரித்துக்கொண்டே எறிந்தது.
இதற்கு என்ன வினை?
பாம்பு சட்டை உரிப்பதற்கு ஆங்கிலத்தில் ஷெட் என்பார்கள்.
எழுதினால் இன்ஸ்பெக்டர் கேட்பார்,
எந்த ஊர் ஷெட்டில் லாரி நின்றது என்று.

ஏழரைக்கு லாரி முதலாளி போனில் கிடைத்தார்.
கிணத்துக்கடவுக்காரர். நம் தமிழ்தான், நல்ல தமிழ்:
"அவன நாங்க தலைமுழுகிப் பல நாளாச்சுங்க அம்மணி."

போனை வைத்த பிறகும் அந்தச் சொல் காதில் சொட்டியது.
நாங்கள் பொருளை எறியக் கை போதும்.
ஆளை எறியத்தான் தண்ணீர் வேண்டும்.
கை கழுவுவோம்,
தலை முழுகுவோம்,
தண்ணி தெளித்து விடுவோம்.
ஆங்கிலக்காரன் எதை எறிந்தாலும்
இவ்வளவு சுத்தம் பார்த்ததாகத் தெரியவில்லை.
ஜன்னலுக்கு வெளியே ஓடை
டீத்தூள் நிறத்தில் நுரைத்துக் கிடந்தது.
அதில் விரல் நுனி கழுவ முடியாது.

கடைசியில் டம்ப்.
மூட்டை விழுகிற சத்தமே சொல்லாகிவிட்டது.
அதில் ஒளிய இடமில்லை என்று நம்பி அடித்தேன்.
எட்டு ஐம்பதுக்கு இன்ஸ்பெக்டர்
சிவப்பு மையில் அதை அடித்துவிட்டு
'காணப்பட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதினார்.
யாரும் எறியவில்லை.
குப்பை காணப்பட்டது, நிலா மாதிரி.

மாவுக்கட்டைப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை.
ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை.

சஜீந்திரனை எழுப்பி டீ கொடுத்தேன்.
குடித்து முடித்தவன்
காகிதக் கப்பைக் கையிலேயே வைத்திருந்தான்,
வாசலை ஒருமுறை, மூலையை ஒருமுறை,
பிறகு என்னைப் பார்த்தபடி.