தெருவிளக்கை அணைக்கக் கோரி

கே.டி.சி. நகர் ஏழாம் தெரு, மாடி வீடு.
வைகாசியில் அறுநூற்று எண்பது யூனிட்.
ஒற்றை ஆள். ஏசி கிடையாது.
சட்டையைக்கூடத் தெருமுனைத் தேய்ப்பு வண்டியில்தான் கொடுக்கிறான்.
அட்டையில் எழுதி நீட்டினேன்.
பிலேந்திரன் வாங்கிக்கொண்டான், ஒன்றும் கேட்கவில்லை.
பில்லுக்குச் சண்டை போடாத ஆளைப்
பத்தொன்பது வருசத்தில் அன்றுதான் பார்க்கிறேன்.

ஆடி முதல் வாரம் நானூற்று அறுபது.
மூன்றில் ஒரு பங்கை அரிவாள்மணையில்
வைத்து நறுக்கின மாதிரி.
ஆள் ஊருக்குப் போனால் இப்படிக் குறையாது,
அது கோணலாகக் குறையும்.
இது கடிகாரம் வைத்துக் குறைந்தது.
படியில் ஒரு வாடை,
நாரத்தைத் தோலும் நனைந்த ஷூவும்.
"அடுத்த ரீடிங் எப்பக்கா?"
"புரட்டாசி."
"அதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றான்.
என்ன முடியும் என்று நான் கேட்கவில்லை.

மானூரில் என் கொழுந்தன் செவ்வந்தி போட்டிருக்கிறான்.
சரம் சரமாய் பல்பு கட்டி
நடுச்சாமத்தில் எரியவிடுவான்.
"பூ முந்திரக் கூடாதுல்லா மதினி.
சில செடி வெயிலை எண்ணாது, இருட்டைத்தான் எண்ணும்.
நடுவுல உசுப்பிவிட்டா
எண்ணுனது அம்புட்டும் போச்சு."
அவன் விலைக்காகப் பூவைத் தள்ளிப்போடுகிறவன்.
அன்று ராத்திரி
எனக்கு மாடி வீட்டு ஜன்னல் ஞாபகம் வந்தது,
உள்பக்கம் கறுப்புத் தாள்,
ஒரு மூலை மட்டும் காற்றில் பிரிந்து.

அதே வாரம் ஆபீசுக்கு ஒரு மனு.
வீட்டெதிரே புதிதாய்ப் போட்ட எல்.இ.டி. விளக்கை
இரவு ஏழு முதல் காலை ஏழு வரை
அணைத்துத் தருமாறு. காரணம்: தூக்கமின்மை.
விளக்கு கேட்டு வந்த மனு ஒரு கட்டு இருக்கிறது.
இருட்டு கேட்டு வந்தது இது ஒன்றுதான்.
"இது கார்ப்பரேசன் வேலைல்லா" என்று
சார் திருப்பிவிட்டு
டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
சிரிப்போடு சிரிப்பாய்
அந்த இரண்டு எண்ணையும் சொன்னேனா
என்பதுதான் எனக்குச் சரியாக ஞாபகமில்லை.
பக்கத்து பெஞ்சில் யாரோ காக்கி பேன்ட்.

பிறகு அம்மன் கோயில் கொடை.
மூன்று ராத்திரி, தெரு நெடுக டியூப்லைட்.
வில்லுப்பாட்டு மைக்கில் கணகணத்தது.
கீழ்வீட்டு சேர்மக்கனி சொல்கிறாள்,
மேலே கட்டிலை நகர்த்தி, போர்வையைக் கட்டி,
ஆணி அடித்துக்கொண்டே இருந்தானாம்.

ஆவணி இரண்டாம் தேதி வந்துவிட்டார்கள்.
போட்டோ எடுக்க எல்லா லைட்டையும் போட்டார்களாம்.
பதினோரு தொட்டி.
"பூவெல்லாம் இன்னும் வெள்ளை வெள்ளையாத்தான் இருந்துச்சு,
பழுக்கல" என்றாள் சேர்மக்கனி,
கத்திரிக்காயைப் பற்றிச் சொல்வது போல.
ஜீப்பில் ஏறும்போது அவன் கேட்டது:
"சார், இன்னைக்கு என்ன தேதி?"

புரட்டாசி.
கதவில் பெரிய பூட்டு, மீட்டர் கீழே.
பூஜ்யம் எழுதத்தான் பேனாவைத் திறந்தேன்.
ஐம்பத்தெட்டு யூனிட்.
உள்ளே ஒரு ஃபேனை
யாரோ அணைக்க மறந்திருக்கிறார்கள்.