ஒன்பதாம் மாடிக் கணக்கு

லிஃப்ட் மே மாதத்தில் நின்றது,
நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே.
உள்ளே ஆள் இல்லை.
யாரோ விட்டுப்போன வெங்காயப் பை மட்டும்.
எதிர்வீட்டு ஸ்வொன்கோ ஒரு கம்பியை வளைத்துக்கொண்டு
மூன்று நாள் அந்த இடுக்கோடு மல்லுக்கட்டினார்.
ஏழு வெங்காயம். நான்கு முளைவிட்டவை.
அன்று தொடங்கியது கணக்கு.

நோட்டு என் மகன் நெடிமுடையது.
முன்பக்கங்களில் புவியியல்:
ஆறுகளுக்கு நீலம், மலைகளுக்குப் பழுப்பு.
சரயேவோவைச் சுற்றி நிற்கும் மலைகளின் உயரம்
அவனுக்கு மனப்பாடம்.
அங்கிருந்துதான் சுடுகிறார்கள்.

பின்பக்கத்திலிருந்து நாங்கள் எழுதினோம்.
நான்காம் மாடி வாஹிதா: எண்ணெய், அரைக் கிண்ணம்.
ஆறாம் மாடி ரங்கா: சிகரெட் இரண்டு, ஒன்று ஈரம்.
எட்டில் புதிதாய் மணமானவர்கள்: மெழுகுவர்த்தி, கட்டைவிரல் நீளம்.
ஸ்வொன்கோவுக்கு நான் தரவேண்டியது:
தண்ணீர், இரண்டு லிட்டர்.

சிரிக்காதீர்கள். இரண்டு லிட்டர் என்பது
பியர் ஆலைக் குழாயில் நான்கு மணிநேரம்,
ஓடிக் கடக்கவேண்டிய இரண்டு தெருமுனைகள்,
நூற்று அறுபத்திரண்டு படிகள்.
அரிசி களைந்த நீரில் முகம் கழுவினோம்,
முகம் கழுவிய நீரில் துணி,
துணி அலசிய நீர் கழிப்பறைக்கு.
எங்கள் வீட்டில் எங்களைவிட அதிகம் உழைத்தது
தண்ணீர்தான்.

"எப்போது தரப்போகிறாய்?" என்பார் ஸ்வொன்கோ
படியில் பார்க்கும்போதெல்லாம்.
"வட்டியோடு" என்பேன்.
"வட்டிக்கு வெங்காயம் போதும்."

நவம்பரில் ஒரு வியாழன். எனக்குக் காய்ச்சல்.
என் கேன்களையும் தன் தள்ளுவண்டியில்
(பிள்ளை வண்டிதான், அவருக்குப் பிள்ளை இல்லை)
கட்டிக்கொண்டு போனார்.
வரிசையில் அவருக்கு முன்னால் நாற்பது பேராம்.
பிறகு வரிசை இல்லையாம்.

மாலையில் அவரைக் கதவொன்றில் கிடத்திக் கொண்டுவந்தார்கள்.
வண்டியையும் யாரோ மறக்காமல் கொண்டுவந்தார்.
என் கேன் ஒன்றின் இடுப்பில்
நகம் நுழையும் அளவு ஓட்டை.
ஓட்டைவரை வடிந்துவிட்டது.
அதற்குக் கீழே மிச்சம் இருந்தது
இரண்டு லிட்டர் இருக்கலாம்.
அளந்து பார்க்கவில்லை.

அந்தத் தண்ணீரில் அவர் முகத்தைத் துடைத்தோம்,
காதோரம், கழுத்து, கைகள்.
கழுவிய நீரைப் பழக்கதோஷத்தில்
அடுத்த பாத்திரத்தில் பிடித்துவைத்தாள் வாஹிதா.
பிடித்தபின் தான் செய்ததைப் பார்த்தாள்.
யாரும் வாய் திறக்கவில்லை.
யாரும் அதைக் கீழே ஊற்றவுமில்லை.

ஜனவரியில் எரிக்க எதுவும் இல்லை.
நாற்காலிகள் முடிந்தன, செருப்புகள் முடிந்தன,
ஸ்வொன்கோவின் கதவு ஐந்து இரவுக்கு வந்தது
(எடுத்துக்கொள்ளச் சொல்லி வைத்திருந்தார், முன்பே,
வால்நட் மரம், ஈரம் படாமல் வை என்று).
நோட்டை நெடிமே கொண்டுவந்து நீட்டினான்.
மலைகளை முதலில் கிழித்தான்.
"ட்ரெபெவிச், ஆயிரத்து அறுநூற்று இருபத்தேழு மீட்டர்"
என்று சத்தமாகப் படித்துவிட்டு
அடுப்பில் போட்டான்.
நன்றாக எரிந்தது.
அதன்மேல் ஒரு கோப்பைத் தேநீர் முக்கால் சூடானது.

பின்பக்கங்களை நான் தரவில்லை.
வாஹிதாவின் எண்ணெய் அடித்தாகிவிட்டது.
ரங்காவின் சிகரெட்டும்.
ஸ்வொன்கோவின் வரிக்கு மேல்
பேனாவைப் பலமுறை கொண்டுபோயிருக்கிறேன்.
கொடுத்தது நானா,
அந்தத் தண்ணீரைச் சுமந்தது அவரல்லவா?

விடிய இன்னும் ஒரு மணிநேரம் இருக்கிறது.
ஓட்டைக் கேனை
மெழுகு வைத்து அடைத்திருக்கிறேன்.
கொஞ்சம் கசியும்.
பரவாயில்லை.