நிராகரிக்கப்பட்டவை

வாக்குச்சீட்டை விரித்தால்
மேசைக்கு வெளியே தொங்குகிறது
சுயேச்சைக் குழுக்களின் வால்.
பம்பரம், மண்வெட்டி, சீப்பு,
தேநீர்க் கோப்பை, அடுத்ததும் தேநீர்க் கோப்பை.
"அது குவளை" என்று திருத்துகிறார் ஒரு முகவர்.

ஐம்பது ஐம்பதாய் எண்ணி இறப்பர் வளையம் போடுகிறோம்.
இரவு பத்தரை. கல்லூரி மண்டபத்தில்
இரண்டு மின்விசிறி, ஒன்று சுற்றாது.
நெடுந்தீவுப் பெட்டிகள் கடல் கடந்து வந்து
அடுத்த அறையில் ஈரம் மணக்கின்றன.
என் மேசைக்குக் காங்கேசன்துறைத் தொகுதி.

மற்ற நாளில் நான் காணிப் பதிவகத்தில் எழுதுவினைஞர்.
இன்றைக்கு அரசாங்கம் தந்தது
ஒரு சோற்றுப் பார்சல், கழுத்தில் ஓர் அட்டை,
செல்லாத வாக்குகளுக்கென்று
நீலப் பிளாஸ்ரிக் கூடை.

கூடைக்குள் போனவை:
ஒன்றுமே போடாமல் மடித்தது.
எவர் மனமும் நோகாமல்
எல்லாச் சின்னத்துக்கும் புள்ளடி போட்டது.
கட்சியை விட்டுவிட்டு
விருப்பு இலக்கம் மூன்றுக்கு மட்டும் போட்டது.
ஒரு மீன்,
செதில் செதிலாய் நேரமெடுத்துக் கீறியது.
"விளைமீன்" என்றார் குருநகர் றெஜினோல்ட்,
அன்றிரவு ஒருமுறை சிரித்தோம்.

பிறகு அந்தச் சீட்டு.
புள்ளடி இல்லை. சின்னங்களின் மேலேயே
நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது:

ஆவரசங்கலட்டி. பரப்பு நாலரை.
கிழக்கு ஒழுங்கை.
வடக்கு அருளம்பலம் பெண் தெய்வானைப்பிள்ளை.
மேற்கும் தெற்கும் ஆமி வேலி.
கிணற்றில் அரைப்பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்.

பதினாறு வருடம் உறுதி படிக்கிறேன்.
பூவரசு எல்லையாய் வந்திருக்கிறது,
செத்துப்போனவரின் பெயர் எல்லையாய் வந்திருக்கிறது.
முள்ளுக்கம்பியை எல்லையென்று
எந்த நொத்தாரிசும் எழுதி நான் பார்க்கவில்லை.

தவபாலசிங்கம் சேர் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி
இரண்டுதரம் வாசித்தார்.
"வாக்காளரை அடையாளம் காட்டுகிற எழுத்து.
செல்லாது, சாரங்கா."
முகவர்கள் ஐந்து பேரும் தலையாட்டினார்கள்.
விடியும்வரை அவர்கள் ஒத்துப்போனது
அந்த ஒன்றில்தான்.

தான் ஆர் என்று சொல்லாத எல்லாரும்
கட்டுக்குள் இருந்தார்கள்.
சொன்ன ஆளைக்
கூடைக்குள் வைத்தேன்,
மீனுக்குப் பக்கத்தில், மடிப்புக் குலையாமல்.

காலையில் வானொலி ஒப்புவித்தது:
பதியப்பட்டவை, அளிக்கப்பட்டவை,
நிராகரிக்கப்பட்டவை இரண்டாயிரத்துச் சொச்சம்.
அந்தச் சொச்சத்தில் அறிவிப்பாளருக்கு
மூச்செடுக்க நேரமில்லை.
சந்தியில் வெடி கொளுத்தினார்கள்,
ஆருக்கு எத்தனை கதிரை என்று
பிளேன்ரீக்கு மேலால் சண்டை.

செவ்வாய்க்கிழமை கந்தோர் திறந்தது.
உறுதிப் பிரதி கேட்டு ஒன்பது பேர் வரிசையில்.
இடக்கைச் சுண்டுவிரல் எல்லாவற்றிலும் மை.
விண்ணப்பப் படிவத்தை வந்தவர்தான் நிரப்பவேண்டும்,
ஒழுங்கு அப்படி.

"சொல்லுங்கோ, நான் எழுதுறன்" என்றேன் முதல் ஆளிடம்.
அடுத்த ஆளிடமும்.
பேனையை ஒருவர் கையிலும் கொடுக்கவில்லை.
ஒன்பதாவது ஆள் சொன்னார்
காணியின் பெயரை;
தலையை நிமிர்த்தாமல்
எத்தனை பரப்பு என்று கேட்டேன்.