முதல், வரை

காந்தி வீதியில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்க்கு
மொழிபெயர்த்துக் கொடுப்பவள் நான்.
சைகோனில் பிடிபட்ட சொல்தாக்களின்
பென்ஷன் தாள்கள் நிறைய வரும்.
அவர்களுக்குப் படை எண் உண்டு, முகாம் எண் உண்டு,
ஒருவருக்குக் கடைவாய்ப் பல் கணக்குகூட இருந்தது.

மாசிலாமணி கடலூர் முதுநகரிலிருந்து வந்தார்.
துறைமுகத்தில் எடைமேடை பார்த்து ஓய்வு பெற்றவர்.
மஞ்சள் பையில் நஷ்டஈட்டுப் படிவம், கூடவே
மலாயா எஸ்டேட் பேரேட்டின் ஒரு பக்க நகல்:
கோதண்டன், பால்வெட்டு, 114.
மே 11, 1943. சயாம் ரயில் வேலைக்கு.
மூன்று மாதம்.

போர்க் கைதியா?
இல்லீங்க, கூலி.
முள்வேலிக்குள் வைத்தார்களா?
காட்டுக்கு எதுக்குங்க வேலி.
'மற்றவை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.
பேனா மை சரியாக விழவில்லை,
இரண்டாம் முறை அழுத்தினேன்.

ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தொகை.
கீழே: முதல் ______ வரை ______
முதல் எழுதிவிட்டேன்.
வரை?

செத்த தேதி தெரிந்தால் அதைப் போடலாம் என்றேன்.
தெரியாது.
திதி கொடுப்பீர்களே, எந்த நாள்?
ஆடி அமாவாசை, தேவனாம்பட்டினத்துல.
அப்படியானால் நாற்பத்து நான்கு ஆடி அமாவாசையை...
கையைத் தூக்கித் தடுத்தார்.
'அது அம்மா வச்ச தேதிம்மா.
கடலுக்குச் சொல்லலாம். ஆபீசுக்குச் சொல்லக் கூடாது.'

பிறகு, எடைமேடைக்காரர் அல்லவா,
முள் நிற்கும்வரை பார்க்கிறவர் போலச் சொன்னார்:
'விட்டாங்கன்னு யாரும் சொல்லல.
அப்ப இன்னிக்கு வரைக்கும் போடணும், இல்லீங்களா?'

கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன்.
இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம் நாள்.
அவர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தார்.
வரையை வெறுமையாகவே விட்டு
முத்திரை குத்தினேன்.

ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தது,
பூர்த்தி செய்யப்படவில்லை என்று.
வெற்றுக்கோட்டைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில்
ஒரு வட்டம், பக்கத்தில் கேள்விக்குறி.

வருத்தப்படுவார் என்று தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன்.
தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
வட்டத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார்.

'எதுவரைக்கும்னு கேக்கிறான் பாருங்க.
அறுபது வருசத்துல
இப்பத்தான் ஒருத்தன் கேக்கிறான்.'

இதையும் மொழிபெயர்க்க வேண்டுமா என்றேன்.
வேண்டாம், ரெண்டு ஜெராக்ஸ் மட்டும்
என்று கீழே இறங்கிப் போனார்.